தென்னாப்பிரிக்காவில் ஓநாய் உண்டா? காட்டுநாய்க் கூட்டத்தைத் தேடிப் போகும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்கிற்கும் புதிதாகக் குடிவரும் குடும்பங்கள், முதல் நீண்ட விடுமுறையிலேயே காட்டுக்குப் போகத் திட்டம் போடுவார்கள். சிங்கம், யானை, காண்டாமிருகம் என்று பெரியவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். கதைகளில் ஓநாயைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளோ ஓநாய் எங்கே இருக்கும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால், பயணத்தில் எதைத் தேடுவது என்பதே மாறிவிடும்.

காட்டில் தானாகத் திரியும் ஓநாய் இந்த நாட்டில் இல்லை. சாம்பல் ஓநாய் ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளுக்கு உரியது. ஆப்பிரிக்காவில் ஓநாய் இனங்கள் இரண்டு உண்டு. ஒன்று எத்தியோப்பியாவின் உயர்ந்த மலைப்புல்வெளிகளில் மட்டுமே வாழ்கிறது. அதன் எண்ணிக்கை சில நூறுதான். மற்றொன்று கண்டத்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்கிறது. நெடுங்காலம் நரி இனம் என்றே கருதப்பட்ட அது ஓநாய்க்கு நெருங்கிய தனி இனம் என்பதை 2015இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இரண்டுமே தென்னாப்பிரிக்காவுக்கு எட்டாத தொலைவில் இருக்கின்றன. இங்கே சில தனியார் காப்பகங்களில் கம்பிவேலிக்குள் இருப்பவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓநாய்களும், ஓநாயும் வீட்டு நாயும் கலந்த வாரிசுகளும்தான். அவற்றைப் பார்த்துவிட்டு ஓநாய் எப்படி வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள முடியாது.

ஓநாய் வாழ்க்கை என்று நாம் எதை நினைக்கிறோமோ, அதாவது குடும்பமாகத் திரிவது, சேர்ந்து வேட்டையாடுவது, குட்டிகளைக் கூட்டமே வளர்ப்பது, அதையெல்லாம் நம் கண்ணெதிரே நடத்திக் காட்டும் விலங்கு ஒன்று டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே இருக்கிறது. அதுதான் ஆப்பிரிக்கக் காட்டுநாய். கண்டம் முழுவதும் எஞ்சியிருப்பது சுமார் 6,600 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இருப்பது சில நூறு மட்டுமே, காண்டாமிருகத்தைவிட மிகக் குறைவு. ஆனாலும் காட்டிலிருந்து திரும்பும் நம்மவர்கள் பலர் "ஒரு நாய்க்கூட்டம்தான் பார்த்தோம்" என்று சலிப்போடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சலிப்பு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: அடையாளம்

வண்டியிலிருந்து பார்க்கும்போது நாய்போலத் தோன்றுவதெல்லாம் காட்டுநாய் ஆகிவிடாது. முதுகில் கறுப்பும் வெள்ளியும் கலந்த போர்வை விரித்தாற்போன்ற நிறமும் கூரிய காதுகளுமாக, தனியாகவோ இணையாகவோ ஓடுவது கருமுதுகு நரி. பின்புறம் தாழ்ந்து, கழுத்து தடித்து, உடம்பெல்லாம் புள்ளியாக இருந்தால் புள்ளிக் கழுதைப்புலி. ஆர்ட்வுல்ஃப் என்று பலகையில் படித்துவிட்டு அதை ஓநாய் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். உடம்பில் கோடுகள் கொண்ட அந்தச் சிறு விலங்கு கழுதைப்புலிக் குடும்பத்தைச் சேர்ந்தது, இரவில் கறையானை நக்கித் தின்று வாழ்கிறது.

காட்டுநாய்க்குக் கால்கள் நீளம், உடல் ஒல்லி, எடை இருபது முதல் முப்பது கிலோ. காதுகள் பெரியவை, நுனி வட்டமானவை. தோலில் கறுப்பு, மஞ்சள், பழுப்பு, வெள்ளைத் திட்டுகள் சிதறிக் கிடக்கும். வாலின் நுனி பெரும்பாலும் வெள்ளை. ஒன்றின் திட்டு வடிவம் இன்னொன்றுக்கு இருக்காது, ஆகவே ஆய்வாளர்கள் படத்தைப் பார்த்தே ஒவ்வொன்றையும் இனங்கண்டுவிடுகிறார்கள். ஈரமண்ணில் தடம் தெரிந்தால் ஒவ்வொரு காலிலும் நான்கு விரல்தான் இருக்கும். வீட்டு நாயின் முன்னங்காலில் சற்று மேலே இருக்கும் ஐந்தாவது விரல் இதற்குக் கிடையாது. முதுமலையில் செந்நாய் பார்த்தவர்களுக்குக் கூட்டமாக வேட்டையாடும் பழக்கம் புதிதாகத் தெரியாது, ஆனால் செந்நாய் வேறு இனம்.

இரண்டாவது: போகுமுன் அந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். கூட்டத்தைப் பார்க்க உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களாக இருக்கலாம். எது யார், ஏன் அப்படிச் செய்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அந்த நிமிடங்களில் ஏதாவது பிடிபடும்.

ஓநாய்க் கூட்டத்தில் ஒரு முரட்டுத் தலைவன் மற்றவற்றை அடித்து அடக்கி ஆள்கிறான் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. உறவில்லாத ஓநாய்களை ஓர் அடைப்பில் சேர்த்து வைத்துக் கவனித்ததிலிருந்து பிறந்த எண்ணம் அது. காட்டில் இருக்கும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தகப்பனும் அவற்றின் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்பதை அமெரிக்க உயிரியலாளர் டேவிட் மெக் 1999இல் விரிவாக எழுதினார். காட்டுநாய்க் கூட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். பொதுவாகத் தலைமை இணை மட்டுமே குட்டி போடும். அண்ணன், அக்கா, சித்தி, சித்தப்பா முறையில் உள்ளவை எல்லாம் அந்தக் குட்டிகளை வளர்க்கும். நம் பழைய கூட்டுக்குடும்ப வீட்டை நினைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

தாய் சுமார் எழுபது நாள் சுமந்து ஒரே ஈற்றில் பத்துக் குட்டிவரை போடும், சிலசமயம் அதற்கும் மேல். ஓநாய்க்கு நான்கு முதல் ஆறுதான். வளையை அவை தாமாகத் தோண்டுவது அரிது. ஆர்ட்வார்க் என்ற மண் தோண்டும் விலங்கு விட்டுப்போன பொந்தோ வார்ட்ஹாக் பன்றியின் பொந்தோ போதும். குட்டிகள் ஏறத்தாழ மூன்று மாதம் அங்கேயே இருக்கும். மற்றவை வேட்டைக்குப் போகும்போது ஒன்றோ இரண்டோ காவலுக்கு நின்றுகொள்ளும். திரும்பி வருபவை தின்ற இறைச்சியைக் கக்கித் தாய்க்கும் குட்டிகளுக்கும் காவல் நின்றவற்றுக்கும் கொடுக்கும். காலொடிந்து வேட்டைக்குப் போகமுடியாத ஒன்று இருந்தால் அதற்கும் இப்படிப் பங்கு கிடைப்பதுண்டு.

குட்டிகள் வளர்ந்து கூட்டத்தோடு ஓடத் தொடங்கிய பிறகும் இரையில் முதல் உரிமை அவற்றுக்குத்தான். பெரியவை விலகி நின்று காவல் பார்க்கும். சிங்கக் கூட்டத்தில் பசியோடிருக்கும் குட்டியைப் பெரிய ஆண் உறுமி விரட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். எனக்கு இந்த விலங்கின்மேல் தனி மதிப்பு உண்டானதே இதனால்தான்.

இளசுகள் வளர்ந்ததும் சகோதரிகள் சேர்ந்து ஒரு குழுவாகவோ, சகோதரர்கள் சேர்ந்து ஒரு குழுவாகவோ கூட்டத்தை விட்டுப் புறப்பட்டுவிடும். உறவில்லாத வேறொரு குழுவைச் சந்தித்தால் புதிய கூட்டம் பிறக்கும். அதற்காக நூறு கிலோமீட்டருக்கு மேலும் நடப்பதுண்டு. இங்கேதான் தென்னாப்பிரிக்காவின் சிக்கல் வருகிறது. காடுகள் பெரும்பாலும் வேலிக்குள் இருக்கின்றன, புறப்பட்டவை எங்கே போகும்? ஆகவே 1998 முதல் தனித்தனிக் காப்பகங்களில் உள்ள கூட்டங்களை எல்லாம் ஒரே குடும்பத்தின் கிளைகளாகக் கருதி நிர்வகிக்கிறார்கள். ஒரு காப்பகத்தின் சகோதரிகளையும் இன்னொன்றின் சகோதரர்களையும் கொண்டுவந்து போமா எனப்படும் அடைப்பில் சில வாரமோ சில மாதமோ சேர்த்து வைப்பார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே ஒன்றின் உடம்பை இன்னொன்றின் உடம்பில் தேய்த்துவிடுவதும் உண்டு. கண்விழிக்கும்போது எல்லாவற்றின்மேலும் ஒரே வாசம் இருந்தால் சண்டை குறையும். கூட்டாகப் பழகிய பிறகு கதவைத் திறந்துவிடுவார்கள். நீங்கள் பார்க்கும் கூட்டம் இப்படிச் சேர்த்து வைக்கப்பட்டதாகவே இருக்கலாம்.

மூன்றாவது: எங்கே, எப்போது

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஸ்டாங்கர் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி. 1895இல் அறிவிக்கப்பட்ட காப்பகம் அது. அழிந்துபோயிருந்த காட்டுநாய்களை 1980-81இல் அங்கே மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் மூன்று மணி நேரம். டோங்காட், ம்வோட்டி, ம்டுன்சினி என்று சுங்கச்சாவடிகள் வரும். ம்டுபடுபாவில் இறங்கி ஆர்618 சாலையைப் பிடித்தால் ந்யாலாசி வாசல். மெமோரியல் வாசலுக்கு இன்னும் வடக்கே போய் ஹ்லுஹ்லுவே ஊர்ப்பக்கம் திரும்பவேண்டும்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காட்டுநாய் நடமாடுவது விடிந்ததும் சில மணி நேரமும், பொழுது சாய்வதற்குமுன் இரண்டு மணி நேரமும்தான். அந்த இரண்டு வேளையையும் சாலையிலேயே தொலைத்துவிட்டு நடுப்பகலில் காட்டைச் சுற்றுவதில் பயன் இல்லை. கால்நடைகள் குறுக்கே வரும் இருட்டுச் சாலையில் களைப்போடு வண்டி ஓட்டுவதும் ஆபத்து. இரண்டு இரவாவது தங்குங்கள். ஹ்லுஹ்லுவே பக்கம் ஹில்டாப் முகாம், இம்ஃபோலோசி பக்கம் ம்பிலா முகாம். ம்பிலா வேலி இல்லாத முகாம். இரவில் கழுதைப்புலி சமையல் வாசலுக்கே வரும், சாப்பாட்டையும் குப்பையையும் வெளியே வைக்காதீர்கள், பிள்ளைகளை இருட்டில் தனியே நடக்க விடாதீர்கள். விடுமுறை நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யவேண்டியிருக்கும்.

மாதம் என்று பார்த்தால் ஜூன் முதல் செப்டம்பர்வரை. மழையில்லாமல் புல் வாடித் தாழ்ந்திருக்கும், விலங்கு கண்ணுக்குத் தெரியும். ஏறத்தாழ மே முதல் ஆகஸ்ட்வரை வளைக்காலம். குட்டிகள் இருப்பதால் கூட்டம் தொலைவு போகாமல் வளையைச் சுற்றியே வேட்டையாடும், அந்தப் பக்கம் சுற்றினால் மறுபடி மறுபடி பார்க்கலாம். பள்ளிகளின் குளிர்கால விடுமுறையும் இதற்குள்தான் வருகிறது. ஆடி மாதக் கூழ் ஊற்றும் பூஜைகள் தொடங்குவதற்குமுன் போய்வந்துவிடலாம்.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாவில் இருப்பவர்களுக்குப் பிலானஸ்பர்க் காப்பகம் பக்கத்தில் இருக்கிறது, மடிக்வே காப்பகம் கொஞ்சம் தூரம். இரண்டிலும் மலேரியா பயம் இல்லை. க்ரூகர் தேசியப் பூங்கா மிகப் பெரியது, ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். நாட்டின் காட்டுநாய்களில் பெரும்பங்கு அங்கேதான் வாழ்கிறது, தெற்குப் பாதியின் தார்ச்சாலைகளில் விடிகாலையில் அடிக்கடி தென்படும். க்ரூகர் மலேரியாப் பகுதி, கோடையில் போவதென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான்காவது: வாசலிலும் சாலையிலும்

ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி வாசல் நவம்பர் முதல் பிப்ரவரிவரை காலை 5 முதல் மாலை 7 வரையும், மற்ற மாதங்களில் 6 முதல் 6 வரையும் திறந்திருக்கும். நேரம் மாறக்கூடும், கிளம்புமுன் சரிபாருங்கள். கதவு திறக்கும்போதே வரிசையில் நிற்கவேண்டும். காவலரிடம் முதலில் "சனிபோனானி" என்று வணக்கம் சொல்லிவிட்டு, இன்று வைல்ட் டாக் யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். சுலு மொழியில் அதற்கு இன்கென்ட்ஷானே என்று பெயர். மரியாதையாகக் கேட்டால் மனமுவந்து சொல்வார்கள். எதிரே வரும் வண்டிக்காரர்களையும் நிறுத்திக் கேட்கலாம், காட்டுக்குள் அது வழக்கம்தான்.

வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்குள். குறிப்பிட்ட இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக்கூடாது. பிள்ளைகள் கூரைக் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டக்கூடாது. குளிர்காலக் காலையில் திறந்த வண்டியில் வழிகாட்டியோடு போவதென்றால் கம்பளி, குல்லாய், போர்வை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனின் இதமான குளிரை நம்பி வந்தவர்கள் அரைமணியில் நடுங்கிப்போவார்கள். சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போனால் கடை தேடி அலையவேண்டாம். ஆனால் உணவு உண்ணும் இடங்களில் குரங்குகள் பறிக்கும், ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள்.

காட்டுநாய்க்குச் சாலை பிடிக்கும். நடக்க எளிது, தொலைவுவரை தெரியும். சாலையில் கூட்டம் ஓடிவந்தால் வண்டியை ஓரம் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பல சமயம் அவை வண்டியைச் சுற்றிக்கொண்டே கடந்துபோகும். பின்தொடர்வதானால் இடைவெளி விட்டு மெதுவாகப் போங்கள். முந்திக்கொண்டு குறுக்கே வழி மறிப்பது பெரும் தவறு. கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் பின்தங்கியது தொலைந்துபோகலாம், சிங்கத்தின் வாயில் விழலாம். காட்டுநாயை அதிகம் கொல்வனவற்றில் சிங்கமும் ஒன்று.

வேலியோரச் சாலைகளையும் விட்டுவிடாதீர்கள். பிலானஸ்பர்க்கில் காட்டுநாய்கள் பெரிய இரையை வேலியோடு நெருக்கிப் பிடிக்கக் கற்றுக்கொண்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஐந்தாவது: கண்முன் நடப்பதைப் புரிந்துகொள்வது

காலை பத்து மணிக்கு நிழலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தால் அவசரப்பட்டுக் கிளம்பவும் வேண்டாம், ஹாரன் அடித்து எழுப்பவும் வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு நாலு மணிக்குத் திரும்பி வாருங்கள். வெயில் தாழ்ந்ததும் ஒன்று எழுந்து சோம்பல் முறிக்கும். பிறகு காதைப் பின்னே மடித்துக்கொண்டு மற்றவற்றின் வாயை நக்கப் போகும். சில நொடிகளில் கூட்டம் முழுவதும் எழுந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பறவைகள்போலக் கீச்சிட்டுக்கொண்டு சுற்றிவரும். வேட்டைக்குக் கிளம்பும் ஆயத்தம் அது.

அப்போது தும்மல் கேட்கிறதா என்று கவனியுங்கள். போட்ஸ்வானாவில் செய்து 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தும்மல்கள் கூடக்கூடக் கூட்டம் புறப்படும் வாய்ப்பும் கூடுகிறது என்று கண்டது. எழுப்பியது தலைமை இணையில் ஒன்றானால் மூன்று தும்மல் அளவே போதும், சாதாரண உறுப்பினரானால் பத்துவரை வேண்டியிருந்தது. கூட்டம் கிளம்பவில்லை என்றால் போதிய சம்மதம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். பிள்ளைகளிடம் தும்மலை எண்ணச் சொல்லுங்கள், வண்டிக்குள் சத்தம் போடாமல் இருப்பார்கள்.

ஓட்டம் தொடங்கிவிட்டால் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம் எடுக்கும், காட்டுக்குள் உங்களால் தொடரமுடியாது. க்ரூகரில் இரை பெரும்பாலும் இம்பாலா மான், இம்ஃபோலோசிப் பக்கம் நியாலா மானும். சிங்கத்தைவிட அதிக வேட்டைகளில் வெற்றி காணும் விலங்கு இது. சாலையோரத்திலேயே இரை விழுந்தால் பார்ப்பது கடினம் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். உயிர் இருக்கும்போதே வயிற்றைக் கிழித்துவிடும். அந்தக் காட்சிதான் இந்த விலங்குக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாதுகாப்புக் காடுகளிலேயே காவலர்கள் இவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். உண்மையில் கூட்டமாகப் பாய்வதால் இரை மிக விரைவில் இறந்துவிடுகிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அங்கிருந்து நகர்வது உங்கள் விருப்பம். நின்று பார்ப்பதானால் யார் முதலில் தின்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வளை கண்ணில் பட்டால் நிற்காமல் கடந்துவிடுங்கள். இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வண்டிகள் மொய்த்தால் தாய் குட்டிகளை வேறு பொந்துக்கு மாற்றத் தொடங்கும், அந்த வழியில் குட்டிகள் இறக்கக்கூடும். படம் எடுக்கும் போனில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள், காண்டாமிருகத்துக்கும் அது பாதுகாப்பு.

புதியவர்கள் கேட்கும் மற்றக் கேள்விகள்

மனிதரைத் தாக்குமா? மனிதரை இரையாகத் தேடும் விலங்கல்ல இது. ஆனாலும் வண்டியை விட்டு இறங்காதீர்கள். வீட்டு நாயோடு இணையுமா? ஓநாய் இணையும், இது இணையாது, பேரினமே வேறு. ஊளையிடுமா? ஓநாயைப் போல இடாது. பிரிந்தவை ஒன்றையொன்று தேடும்போது "ஹூ, ஹூ" என்று மென்மையாகக் கூப்பிடும், அது வெகுதூரம் கேட்கும். வளர்க்கலாமா? கூடாது, அனுமதியும் கிடையாது. கழுத்தில் பட்டை இருக்கிறதே? அது கண்காணிப்புக் கருவி. சிலவற்றில் கம்பிக் கண்ணி கழுத்தை இறுக்காமல் தடுக்கும் உலோகத் தகடுகளும் இருக்கும்.

கம்பிக் கண்ணியே மாட்டியிருப்பதும் உண்டு. மான்கறிக்காக வைத்த கண்ணியில் காட்டுநாய் விழுந்துவிடும். கழுத்திலோ காலிலோ மெல்லிய கம்பியும் புண்ணும் தெரிந்தால் உடனே படம் எடுங்கள், நேரத்தையும் அருகிலுள்ள சாலைச் சந்திப்பின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், நுழைவுச்சீட்டில் உள்ள எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் அடுத்த வாசலுக்கோ முகாமுக்கோ நேராகப் போய்விடுங்கள். கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டிவிடுவார், பல நாய்கள் அதனால் பிழைத்திருக்கின்றன. காயம் இல்லாத கூட்டமானாலும் ஒவ்வொன்றின் இரு பக்கமும் தெரியும்படி எடுத்த படங்களை முகாம் அலுவலகத்தில் கொடுத்தால் அவர்கள் கணக்கெடுப்புக்கு உதவும்.

வீட்டுக்குத் திரும்பிய பின்

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேனே தவிர, எனக்கு இதுதான் முக்கியம். 1997இல் மடிக்வேயில் ரேபிஸ் புகுந்து ஒரு காட்டுநாய்க் கூட்டத்தை ஏறத்தாழ அழித்துவிட்டது. அவை வாயை நக்கி, இரையைப் பகிர்ந்து, ஒன்றாகப் படுத்து வாழ்வதால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். ரேபிஸும், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயும் காட்டுக்குள் போக ஒரு வழி, காட்டை ஒட்டிய ஊர்களின் வீட்டு நாய்கள்தான். குவாசுலு-நட்டாலில் வீட்டு நாய்களிடையே ரேபிஸ் இன்னும் இருக்கிறது, மனிதரையும் கொல்கிறது.

நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசி போடுவது இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது. மருத்துவர் ஆண்டுதோறும் போடச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். நாய்க்கு டிஸ்டெம்பர் ஊசியையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். அரசின் கால்நடைத்துறை நடத்தும் முகாம்களில் ரேபிஸ் ஊசி இலவசம். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம், அதையொட்டிப் பல இடங்களில் முகாம் நடக்கும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் என்று எங்கே இருந்தாலும் உங்கள் தெருவில் ஊசி போடாத நாய் எது என்று உங்களுக்குத் தெரியும். கோயிலுக்கு வருபவர்களிடம் சொல்லுங்கள், வண்டி இல்லாத வீட்டின் நாயை உங்கள் பக்கியில், அதாவது பின்புறம் திறந்த சிறு வண்டியில், ஏற்றிக்கொண்டு போங்கள், ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.